பூட்டிய பக்கத்தில் வெயில்

யஸ்த்
ஆபான் 8

தம்பி ஹபீபுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்பாவின் நாற்பதாம் நாளன்று உன் பக்கத்து அறைகளைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனவன், ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. நானும் எழுதியிருக்கமாட்டேன். இந்த வருஷம் குளிர் பத்து நாள் முந்திக்கொண்டு வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

முந்தாநாள் சாயங்காலம்வரை தெருவில் எல்லோரும் ஒற்றைச் சட்டையோடுதான் நடந்தார்கள். நேற்றுக் காலை பாலைவனத்திலிருந்து புழுதியோடு ஒரு காற்று வந்தது. மத்தியானத்துக்குள் கடைத்தெருவில் வேகவைத்த டர்னிப் வண்டிகள் ஆவி பறக்க நின்றன. இன்றைக்கு ஊரே வீட்டுக்குள் இடம் மாறுகிறது. எந்தச் சந்தில் நுழைந்தாலும் மதிலுக்கு அந்தப்புறம் பெட்டி இழுக்கும் சத்தம், விரிப்பு உதறும் சத்தம். கோடைப் பக்கத்தைக் காலி செய்துவிட்டு முற்றத்தைத் தாண்டிக் குளிர்ப் பக்கத்துக்குப் போகிறார்கள். எதிர்வீட்டுப் பத்ரி காலையிலேயே மாறிவிட்டாள். நான் மட்டும் எங்கே மாறுவது? கோடைப் பக்கம் எனக்கு, குளிர்ப் பக்கம் உனக்கு என்று அப்பா எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். என் பக்கத்துக் காற்றுக் கோபுரத்தை அடைக்க வேண்டும். வருஷா வருஷம் நீதான் ஏறி அடைப்பாய், இல்லையென்றால் அப்பா ஆள் பிடிப்பார். அடைப்புப் பலகைகள் உன் பக்கத்து உள்ளறையில் இருக்கின்றன. அடைக்காவிட்டால் மேலே அடிக்கிற காற்று முழுக்க நேராக என் படுக்கையில் இறங்கும்.

சாவியைக் கேட்கவில்லை. பலகையைத்தான் கேட்கிறேன்.

நுஸ்ரத்


அபாதான்
ஆபான் 17

அக்காவுக்கு,

உன் கடிதத்தை வியர்வை வழிய வழியப் படித்தேன். இங்கே இன்னும் கோடைதான். ஆலையில் குழாய்களுக்கு நடுவே வேலை முடித்து வந்து ஆளுக்கு இரண்டு வாளி தண்ணீர் தலையில் ஊற்றிக்கொள்கிறோம்.

சாவி இல்லாமல் பலகை எப்படி வரும்? சாவித்துவாரம் வழியாகவா? கேட்க வேண்டியதைக் கேட்காமல் சுற்றி வளைப்பது உனக்குப் பழக்கம். சொல்லக் கூடாததை மட்டும் நேராகச் சொல்லிவிடுவாய்.

என் மனைவி முதல் முறையாக நம் வீட்டுக்கு வந்தாள். இரண்டு நாள் பஸ்ஸில், இழவு வீடு என்று கறுப்பு உடுத்திக்கொண்டு வந்தாள். துக்கத்துக்கு வந்த அத்தனை பெண்களுக்கு முன்னால் நீ என்ன சொன்னாய்? “செருப்பைக் கையிலயே வெச்சுக்க. துறைமுகத்துச் சேறு எங்க விரிப்புல பட வேண்டாம்.” அவள் செருப்பைக் கையில் பிடித்தபடி அரை மணி நேரம் நின்றாள். ஒரு கோப்பைத் தேநீர் கொடுக்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

ஸக்கியாவிடம் மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி எழுது. அடுத்த தபாலில் சாவி வரும். அதுவரை உன் காற்றோடு நீ இரு.

நீ மேலே ஏறாதே. ஏணியில் நாலாவது படி ஆடும்.

ஹபீப்


யஸ்த்
ஆபான் 26

ஹபீப்,

இரண்டு வரி கேட்டாய். இதோ எழுதுகிறேன், எண்ணிக்கொள்.

உனக்கு ஆறு வயதில் அம்மா போனாள். எனக்கு அப்போது இருபத்திரண்டு. எத்தனை பேர் பெண் கேட்டு வந்தார்கள் என்று பத்ரியைக் கேள். நீ பெரியவனாகட்டும் என்றேன். நீ பெரியவனானாய், அபாதானுக்குப் போனாய். அங்கே கல்யாணம் செய்துகொண்டாய். அந்தச் செய்தியை அப்பாவுக்கு யார் சொன்னது? நம் தெரு லாரிக்கார ரஜப். வாசலில் நின்று, “மருமக எப்படி, சுகமா?” என்று கேட்டான். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “எந்த மருமக?” என்றார். ரஜப் நாக்கைக் கடித்துக்கொண்டான். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. அதற்கப்புறம் சரியாகச் சாப்பிடவே இல்லை. அந்தக் கோபத்தை நான் யாரிடம் காட்டுவது? நீ பின்னால் நின்றாய். அவள் முன்னால் வந்தாள்.

இது விளக்கம். மன்னிப்பு இல்லை.

இங்கே பகல் குட்டையாகிவிட்டது. என் பக்கத்து அறைகளில் சூரியன் காலே வைப்பதில்லை. முற்றத்தைத் தாண்டிப் போய் உன் பக்கத்துச் சுவரில் உட்கார்ந்துகொள்கிறது. பகல் முழுக்க உன் பூட்டிய கதவுகள்மேல்தான் வெயில். நான் மத்தியானத்தில் உன் வாசற்படியில் போய் உட்கார்ந்து முதுகில் வெயில் படக் குளிர் காய்கிறேன். முதுகுக்குப் பின்னால் கதவு சுடுகிறது. உள்ளே யாரும் இல்லாத அறைகள் கதகதப்பாக இருக்கின்றன. படியில் உட்காரவும் உன் அனுமதி வேண்டுமென்றால் எழுது, எழுந்துவிடுகிறேன்.

மேலே ஏறமாட்டேன். எனக்கு என்ன பைத்தியமா?

நுஸ்ரத்


அபாதான்
ஆதர் 6

அக்கா,

நேற்று ரஜப் சரக்கு இறக்க வந்தான். வந்தவன் உட்காரக்கூட இல்லை.

“ஹபீப், உங்கக்கா கோபுரத்து உச்சியில நிக்கிறாங்கப்பா! வாயில ஆணி, கையில சுத்தியல். பத்ரிம்மா கீழ நின்னு, இறங்கு தாயே இறங்கு தாயேன்னு அழுவுறாங்க. இவங்க ஆணியைத் துப்பிட்டு, ‘ஏணியைப் பிடிக்கத்தான் உன்னைக் கூப்பிட்டேன், ஒப்பாரி வைக்க இல்ல’ங்கிறாங்க.”

அம்மாவின் கல்யாணப் பெட்டியை உடைத்துப் பலகை எடுத்திருக்கிறாய். பாதிதான் அடைத்தாயாம், அதற்குள் காற்று வந்து மீதிப் பலகையைத் தள்ளிவிட்டதாம். பெட்டியையா உடைத்தாய்? ஐம்பத்து நாலு வயதில் கோபுரத்தில் ஏறுகிறவளிடம் நான் என்ன பேசுவது?

எனக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் ஆற்றங்கரைவரை நடக்கிறேன், திரும்பி வருகிறேன், மறுபடி போகிறேன். வானொலியில் யஸ்த் என்ற பேர் வந்தால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். நேற்று உறைநிலைக்குக் கீழே நாலு என்றான். ஸக்கியா கேட்டாள், “உறைநிலைன்னா என்னங்க?” அவளுக்கு அது தெரியாது. கொர்ரம்ஷஹரில் பிறந்தவள், பனிக்கட்டியைக் கண்ணாலே பார்த்ததில்லை. சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. ஏனென்று எனக்குப் புரியவில்லை.

ரஜபிடம் இரண்டு கம்பளி கொடுத்தனுப்புகிறேன். போர்த்திக்கொள். இதற்கும் சாவிக்கும் சம்பந்தம் இல்லை. நான் சொன்னது சொன்னதுதான்.

ஹபீப்


யஸ்த்
ஆதர் 15

ஹபீப்,

கம்பளிகளை ரஜபிடமே திருப்பி அனுப்புகிறேன். கதவைப் பூட்டியவன் கம்பளி அனுப்ப வேண்டாம்.

அதில் ஒன்று புதுசு. சிவப்புக் கரை. மடிப்புகூடக் கலையவில்லை. அது உன்னுடையது இல்லை. கல்யாணத்துக்கு அவள் தாய்வீட்டில் கொடுத்ததாக இருக்கும். அவள் வைத்தாளா, நீ அவளிடமிருந்து பிடுங்கி வைத்தாயா, எனக்குத் தெரியாது. எதுவானாலும் அதைப் போர்த்திக்கொண்டு நான் தூங்க முடியாது. ஒரு நாள் போர்த்தினேன். பொய் சொல்லமாட்டேன்.

முற்றத்துத் தொட்டி கல்லாகிவிட்டது. மாதுளை மரங்களுக்குச் சாக்கு சுற்றியிருக்கிறேன். மை உறைந்துபோகிறது, மைக்கூட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து இப்படித்தான் இருக்கும். கொஞ்சம் இருமல். பத்ரி அவள் வீட்டுக்கு வந்துவிடு என்கிறாள். இருக்கிற வீட்டில் பாதியைப் பூட்டிவிட்டுப் போன தம்பியைப் பற்றி அவள் மாமியார் தினம் இரண்டு வேளை பேசுவாள். அதைக் கேட்பதற்கு இந்த இருமலே மேல்.

உன் மனைவி உன்னோடு பேசாததன் காரணம் உனக்குப் புரியவில்லையா? எனக்குக்கூடக் கொஞ்சம் புரிகிற மாதிரி இருக்கிறது.

நுஸ்ரத்


அபாதான்
ஆதர் 23

அக்கா,

ஸக்கியாவைக் காணவில்லை.

ரஜப் கம்பளிக் கட்டைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டான். அவள் அதைப் பிரித்துப் பார்த்தாள். “ரெண்டையுமா?” என்று மட்டும் கேட்டாள். மறுநாள் நான் ஆலையிலிருந்து வந்தபோது அவள் இல்லை. அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். கொர்ரம்ஷஹருக்கு ஓடினேன். அவள் அங்கே வரவே இல்லை. அவள் அம்மா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்: “எங்கடா என் பொண்ணு? என்னடா செஞ்ச அவளை?”

மூன்று நாளாகப் படகுத்துறை, மருத்துவமனை, பஸ் நிலையம் என்று அலைகிறேன். இன்றைக்குத்தான் மரப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். சாவி இல்லை. சிவப்புக் கரைக் கம்பளியும் இல்லை.

அவள் ஐந்து மாதக் கர்ப்பம். உனக்குச் சொல்லவில்லை. அப்பாவுக்குக் கல்யாணத்தைச் சொல்லாத மாதிரி இதையும் உனக்குச் சொல்லவில்லை. அவளிடம் குளிருக்கு ஒரு துணியும் கிடையாது. காலில் வார்ச்செருப்பு.

அங்கே வந்தால் வாசலில் நிற்கவைக்காதே. உன்னிடம் நான் எதையும் கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சுகிறேன்.

ஹபீப்


யஸ்த்
ஆதர் 25

ஹபீப்,

பத்ரி நேற்றுப் போய்த் தந்தி அடித்துவிட்டாள், கிடைத்திருக்கும். அவள் இங்கே இருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள். நானும்தான். இது விவரம்.

மூன்று நாள் முந்தி, காலை வெயில் உன் பக்கத்துச் சுவரில் ஏறுகிற நேரம். எனக்குக் காய்ச்சல். கதவு தட்டும் சத்தம் கேட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்த் திறந்தேன். மெல்லிசுக் கறுப்புத் துணி போர்த்திய ஒருத்தி நின்றாள். தலையில் ஒரு மூட்டை. வயிறு முன்னால் தெரிந்தது. கால் விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன.

“நான்தான் ஸக்கியா.”

“தெரியுது.”

“சாவி கொண்டு வந்திருக்கேன்.” உள்ளே வரவில்லை. என்னையும் பார்க்கவில்லை, வாசற்படியைப் பார்த்தாள். “செருப்பைக் கையில எடுத்துக்கவா? இல்ல, தெருவுலயே விட்டுட்டு வரவா?”

ஹபீப், அவள் குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே எது வழக்கம் என்று தெரியாமல்தான் கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாயைத் திறந்தேன், இருமல் வந்தது. இருமி இருமி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் அவள் என்னைக் கேட்கவில்லை. செருப்போடு முற்றத்தைத் தாண்டிப் போனாள். உன் பூட்டுக்குள் ஏழு மாதத்துப் புழுதி, சாவி திரும்பவில்லை. துவாரத்தில் வாயை வைத்து ஊதினாள், செருப்பால் பூட்டைத் தட்டினாள், அவள் ஊர்ப் பாஷையில் ஏதோ திட்டினாள். உன்னையா, பூட்டையா என்று தெரியாது. திறந்துவிட்டது. ஐந்து மாதப் பிள்ளைக்காரி என்னைக் கைத்தாங்கலாக இழுத்துக்கொண்டு போய் வெயில் விழுந்த அறையில் படுக்கவைத்து, மூட்டையிலிருந்து சிவப்புக் கரைக் கம்பளியை எடுத்து என்மேல் போர்த்தினாள்.

“எதுக்கு வந்த?” என்றேன். நன்றி சொல்ல எனக்குத் தெரியாதே.

“உங்களுக்காக ஒண்ணும் வரலை அண்ணி. அவரு தினம் ரேடியோகிட்ட உக்காந்துக்கிட்டு, குளிரு நாலு, குளிரு அஞ்சுங்கிறாரு. சோறு இறங்கலை அவருக்கு. சாவி மட்டும் பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு. கேட்டா, ‘உனக்காகத்தான் ஸக்கியா’ங்கிறாரு. என் பேரைச் சொல்லி ஒருத்தரைக் குளிர்ல விறைக்கவிட வேண்டாம். நாளைக்கு என் பிள்ளை என்னைக் கேட்கும்.”

பிறகு குளிர் காயக் குர்ஸி போடப் போனாள். மேசையைக் கண்டுபிடித்தாள், மேலே ரஜாய்ப் போர்வையையும் விரித்துவிட்டாள், அடியில் கணப்புச் சட்டி வைக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கரி கறுப்பாக இருக்கும்போதே உள்ளே கொண்டுவந்துவிட்டாள். படுக்கையிலிருந்தே கத்தினேன்: “வெளியில வெச்சு நல்லா கனிய விடுடி! புகையில மூணு பேரும் போய்ச் சேரவா?” திரும்பிப் பார்த்தாள். “மூணு பேருன்னு எண்ணிட்டீங்க” என்றாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சமாதானமாகிவிட்டோம் என்று நினைக்காதே. விடிந்தால் சண்டைதான். மூட்டையில் கருவாட்டையும் புளியையும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அப்பாவின் அறை முழுக்க மீன் வாடை. என் ஷூலிக் கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, “இதுல எதுக்கு பீட்ரூட்டைப் போட்டுக் கெடுத்து வெச்சிருக்கீங்க?” என்கிறாள். தொட்டியில் உறைந்த தண்ணீரைத் தட்டிப் பார்த்து, “மேல கண்ணாடி யாரு போட்டது?” என்றாள். சிரித்துவிட்டேன். அவளுக்குக் கோபம்.

தந்தி வரும்வரை நீ அவளைத் தேடி அலைந்திருப்பாய். அலைந்தது சரிதான். நானும் ஒன்றரை மாதம் என் வீட்டுக்குள் அலைந்தேன்.

நுஸ்ரத்


அபர்கூ சத்திரம்
ஆதர் 30

அக்கா,

தந்தி வந்த அன்றைக்கே கிளம்பிவிட்டேன். ஷீராஸ்வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. நேற்று மத்தியானத்திலிருந்து இங்கே மாட்டிக்கொண்டிருக்கிறோம். முன்னால் மலைப்பாதையில் பனி. தபால்காரர் மட்டும் கோவேறு கழுதையில் கடக்கிறார். “என்னையும் ஏத்திக்கங்க” என்றேன். “கடுதாசின்னா கொண்டுபோறேன், ஆளுன்னா முடியாது, கழுதைக்கு வயசாச்சு” என்றார். அதனால் எழுதுகிறேன்.

சத்திரத்துக்காரர் என்னை உட்காரச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போகிறேன், மலையைப் பார்க்கிறேன், உள்ளே வருகிறேன். இந்த ஊர்க் குளிரையே மறந்துபோயிருந்தேன். எலும்புக்குள் போகிறது. பாதி அடைத்த கோபுரத்துக்குக் கீழே நீ எப்படிப் படுத்தாய்?

நேரில் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. இங்கேயே எழுதிவிடுகிறேன். இரண்டு வரி எழுது, சாவி வரும் என்றேனே, அது பொய். நீ இருபது வரி எழுதியிருந்தாலும் அனுப்பியிருக்கமாட்டேன். நீ நடுங்க வேண்டும் என்று இருந்தது எனக்கு. ஸக்கியாவுக்காக என்று சொல்லிக்கொண்டேன், அதுவும் பொய். அப்பா சாப்பிடாமல் படுத்தார் என்று உன் கடிதத்தில்தான் முதலில் அறிந்தேன். ஆனால் எனக்கு அது அப்போதே தெரிந்த மாதிரிதான் இருந்தது. அப்பாவிடம் சொல்லப் பயந்தேன். அந்தப் பயத்துக்குத்தான் இத்தனை கோபமும்.

எந்த முகத்தோடு வருவது என்று தெரியவில்லை. பாதை திறந்தாலும் திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நேரம் தோன்றுகிறது.

அவள் எப்படி இருக்கிறாள்? தபால்காரர் நாளை மறுநாள் அங்கிருந்து திரும்புகிறாராம். எழுது.

ஹபீப்


யஸ்த்
தய் 2

ஹபீப்,

தபால்காரர் வாசலில் நின்று கழுதைக்குத் தீனி வைக்கிறார். அது தின்று முடிப்பதற்குள் எழுதியாக வேண்டும்.

முதலில், அவள் நன்றாக இருக்கிறாள். இதைப் படித்துவிட்டு மேலே படி.

நாலு நாள் முந்தி, வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்காமல் கணப்புச் சட்டியைத் தூக்கினாள். முற்றத்தின் நடுவே சட்டியைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கொஞ்சம் ரத்தமும் பட்டது. நான் காய்ச்சலோடு எழுந்து ஓடினேன். ஓட முடியும் என்று எனக்கே தெரியாது. பத்ரி போய் மருத்துவச்சியைக் கூட்டிவந்தாள். வந்தவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அசையக் கூடாது. சூடு குறையக் கூடாது. மத்தது அல்லா கையில” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு நாள், ஹபீப். அவளைக் குர்ஸியின் நல்ல பக்கத்தில் படுக்கவைத்து, வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் மேலே போட்டேன். கரி மாற்றுவதற்கு மட்டும் எழுந்தேன். அவள் அழவில்லை. மேல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இடையில் ஒரு தடவை, “இந்தக் குளிரு எப்ப போகும் அண்ணி?” என்று கேட்டாள். நேற்றுத்தான் ஆரம்பித்த மாதிரி கேட்டாள். போர்வையை இழுத்துவிட்டேன். இரண்டு மாதம் என்றால் பயந்துவிடுவாள்.

நேற்றுக் காலை வலி நின்றது. மத்தியானம் என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். அசைகிறது. உதைக்கிறது என்றே சொல்லலாம். மருத்துவச்சி மறுபடி வந்து பார்த்துவிட்டு, ஆபத்து தாண்டிவிட்டது, ஆனால் வெயில் திரும்பும்வரை இந்தப் பெண் எங்கும் பயணம் போகக் கூடாது என்றாள். அதனால் இவளை அழைத்துப் போகலாம் என்று நீ வந்தால் அது நடக்காது. இங்கே இருப்பதற்கு வா.

திரும்பிப் போய்விடலாமா என்று எழுதியிருக்கிறாய். போனால் உன் சாவியைக் கிணற்றில் போட்டுவிடுவேன். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச வேண்டாம். நீ பொய் சொன்னதாக எழுதினாய், நானும் உன்னைக் கெஞ்சவைத்தே தீருவேன் என்று இருந்தவள்தான். இரண்டும் சரியாகிவிட்டது. வந்த பிறகு ஒரு வார்த்தையும் எடுக்காதே. எனக்கும் நேரில் பேச்சு வராது.

ஒன்று மட்டும் உனக்குத் தெரிய வேண்டும். நேற்று, பிள்ளை அசைந்த பிறகு, கரி எடுக்க எழுந்தவள் கதவுவரை போய்விட்டேன். அதற்கு மேல் கால் போகவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவள் பக்கம் திரும்பாமலே சொன்னேன்: “அன்னிக்கு உன்னைச் செருப்போட நிக்க வெச்சது தப்பு. எல்லார் முன்னாடியும் சொன்னது தப்பு. மன்னிச்சிடு.”

கதவைப் பிடித்தபடி நின்றேன். வெளியே முற்றத்தில் காற்று சுற்றிக்கொண்டிருந்தது. தூங்கிவிட்டாளோ, கேட்கவே இல்லையோ, மறுபடி சொல்ல வேண்டுமோ என்று தவித்தேன். மறுபடி சொல்ல என்னிடம் தெம்பு இல்லை.

“அண்ணி,” என்றாள்.

“என்ன?”

“முதல்ல அந்தக் கதவைச் சாத்திட்டு உள்ள வாங்க. குளிருது.”

நுஸ்ரத்